சவர்க்காரத் தொழிற்சாலைக்கு நான் சொன்ன ஆலோசனைகள்

தொழில் ஆலோசகர் என்பவர், வாழ்நாளில் ஒரு கட்டி சவர்க்காரம்கூடக் காய்ச்சியிராமல், பத்து வருடமாகக் காய்ச்சிக்கொண்டிருப்பவரிடம் போய் அதை எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று சொல்லிவிட்டு வருபவர். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய பட்டறை வாசலில் நின்றிருப்பீர்கள். கதிரை தந்திருப்பார்கள், தேத்தண்ணி தந்திருப்பார்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டுக் கெட்டவர்களும் இருப்பார்கள், கேட்காமல் தப்பியவர்களும் இருப்பார்கள். இரண்டு வகையினரும் உங்களைக் கண்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கிப் பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் முகாமைத்துவ ஆலோசகராக வேலை பழகிக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் அறையும் போய் வேலையும் போய், அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். கையில் மிஞ்சியது ஒரு தோல் பெட்டி. அதற்குள் என் டிப்ளோமாப் பத்திரம் இருந்தது. யாழ்ப்பாணம் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன அறை ஒன்று எடுத்து, பலகை எழுதி மாட்டினேன். ஆறு மாதமாக அந்தப் படியில் ஏறி வந்தவர்கள் எல்லாம் பல் வைத்தியர் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வந்தார்கள். ஏழாவது மாதம் ராசநாயகம் அண்ணை வந்தார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பரந்தன் பக்கம் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். அதை விட்டுவிட்டு, கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுருட்டுக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் செய்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி மங்கை அக்காவும் ஒன்பது பெண்களும் வேலை செய்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். என்னுடைய பிழைகளில் முக்கால்வாசியை அவருடைய தலையில்தான் செய்து பழகினேன்.

நாற்பது பக்கம்

முதல் வேலைக்கு ஆவணி மாதம் போனேன். நீளக்கை சேட்டு, சப்பாத்து, தோல் பெட்டி. மூன்று கிழமை கொட்டிலின் மூலையில் கிடந்த ஒரு நீட்டு மர வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய கிடாரத்தில் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கோஸ்ரிக் சோடாக் கரைசலை ஊற்றித் துழாவுவார்கள். இறுகி வரும்போது பலகை அச்சில் ஊற்றுவார்கள். அடுத்த நாள் கம்பியால் வெட்டி, முற்றத்தில் பாய் விரித்துக் காய வைப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். பெண்கள் முதல் நாள் வெட்கப்பட்டார்கள். இரண்டாம் நாள் நான் பார்க்கும்போது மட்டும் வேகமாகச் செய்தார்கள். மூன்றாம் நாள் என்னை மறந்துவிட்டார்கள்.

பிறகு ஆங்கிலத்தில் நாற்பது பக்க அறிக்கை ஒன்று தட்டச்சுச் செய்து கொடுத்தேன். மாதத்துக்கு இத்தனை கிடாரம், கிழமைக்கு இத்தனை கட்டி, பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே சீரான உற்பத்தி என்று அட்டவணை போட்டிருந்தேன். வாசிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ அகராதியை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் ஒரு வரி விடாமல் வாசித்து முடித்து, அறிக்கையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு என் அறைக்குப் படியேறி வந்தார். எதிரே இருந்து வியர்வையைத் துடைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: “தம்பி, நல்ல இங்கிலீசு. முழுக்க வாசிச்சன். உதிலை மாரிகாலம் எங்கை கிடக்கு?”

நூறு வீடு

மாரியில் பாய் விரிக்க முடியாது, காயாத சவர்க்காரம் கரைந்து போகும் என்பது எனக்கு உறைத்த பிறகு, உற்பத்தியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிவதுதான் எங்கள் தொழிலின் முதற் பாடம் என்று படித்திருந்தேன். கோப்பாயிலும் கொக்குவிலிலும் நூறு வீடுகளுக்குச் சைக்கிளில் போய் நூறு படிவம் நிரப்பினேன். வாசனை போட்ட சவர்க்காரம், வண்ணக் கடதாசியில் சுற்றி வந்தால் வாங்குவீர்களா? தொண்ணூறு பேருக்கு மேல் ஓம் என்றார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அண்ணை அரைமனதோடு மூன்று கிடாரம் காய்ச்சினார். மல்லிகை வாசனை. நீலக் கடதாசி. அதை விற்கக் கொடுத்தது ஹனீபா நானாவிடம். அவர் நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஒரு லொறியும் ஓடியது. எங்கள் சவர்க்காரத்தை ஊர்க் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுவது அவர்தான். மூன்று மாதம் கழித்து முக்கால்வாசியை நீலக் கடதாசியோடு திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கட்டியை எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார்.

எனக்கு ஆறவில்லை. ஓம் என்று சொன்ன வீடுகளுக்கே திரும்பப் போனேன். கோப்பாயில் ஒரு அம்மா கிணற்றடியில் எங்கள் பழைய சவர்க்காரத்தால்தான் தோய்த்துக்கொண்டிருந்தார். மல்லிகை மணந்தால் தோட்டத்துக்குக் கட்டிப் போகிற சாறத்தில் இருக்கிற புகையிலை மணம் போகாது, இரண்டும் சேர்ந்து மணக்கும் என்றார். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் ஓம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் நுரைக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீர் வெய்யிலுக்குள்ளை வந்து மரியாதையாய்க் கேட்டீர் தம்பி, வேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.”

பெட்டிகள்

ஒரு தொழிற்சாலையில் யார் யாருக்குக் கீழே என்று பெட்டி பெட்டியாகக் கீறி, கோட்டால் இணைத்துச் சுவரில் ஒட்டுவது எங்களுக்கெல்லாம் பிடித்தமான வேலை. நானும் கீறினேன். மேலே ராசநாயகம். அடுத்து மங்கையற்கரசி. அதற்குக் கீழே ஒன்பது பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். அதில் கமலா என்பவள் கிடாரம் பார்ப்பவள். கரைசல் இறுகுகிற பதத்தைத் துழாவுகிற தடியின் பாரத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுக்குத் தன் பெயரைப் பெட்டிக்குள் பார்ப்பதில் பெரிய சந்தோசம். வீட்டிலிருந்து தன் தாயைக் கூட்டி வந்து காட்டினாள்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவம் சண்டையோடு நகருக்குள் வந்தபோது கிடாரத்தில் சோடா ஊற்றிய எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கோயில்களுக்கு ஓடினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகுதான் கொட்டிலுக்குத் திரும்ப முடிந்தது. கிடாரம் முழுக்கக் கல்லாய் இறுகிப் போயிருந்தது. அண்ணை அலவாங்கால் இடித்து இடித்து உடைத்தார். எட்டுப் பெண்கள் வந்தார்கள். கமலா வீட்டில் ஷெல் விழுந்து, அவளும் தாயும் போய்விட்டார்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

ஒரு மாதம் போனது. கிடாரம் பார்க்க இன்னொரு பெண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், நான் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, அழிறப்பரை எடுத்தேன். வேலை செய்வது போல ஏதாவது செய்தால் நல்லது என்றிருந்தது. மங்கை அக்கா கையில் வெட்டுக் கம்பியோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார். நான் அழிறப்பரை வைத்த இடத்தைப் பார்த்தார். “கமலாவின்ரை பெட்டியை அழிக்காதையும் தம்பி. பக்கத்திலை இன்னொரு பெட்டி கீறும்.”

என்னுடைய மிகச் சிறந்த ஆலோசனை

நண்பர்களே, உங்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். ஒரு குறையும் இல்லாத, எந்தப் பேராசிரியரும் முழுப் புள்ளி போடக்கூடிய ஆலோசனை. என்னுடையது எண்பத்தொன்பது கடைசியில் சொன்னது. கொக்குவில் கொட்டிலின் சொந்தக்காரர் வளவை விற்கப் போகிறார் என்று கடிதம் அனுப்பியிருந்தார். அண்ணை மானிப்பாய்ப் பக்கம் இன்னொரு கொட்டில் பார்க்கலாம் என்றார். நான் காங்கேசன்துறை என்றேன். அங்கே துறைமுகம் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிற மின்சார லைன் பக்கத்தால் போகிறது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கலாம். சீமெந்துத் தரை, தகரக் கூரை, மாரியிலும் காய வைக்க ஒரு நீளமான அறை. இந்த முறை மாரிகாலத்தை நான் மறக்கவில்லை.

தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதினேன். நன்மைப் பக்கம் நிரம்பி வழிந்தது. தீமைப் பக்கத்தில் ‘உப்புக் காற்று’ என்று மட்டும் இருந்தது. பெண்கள் எப்படி வருவார்கள் என்று அண்ணை கேட்டார். காலை ரயிலில் என்றேன். மங்கை அக்கா தன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். ஹனீபா நானாவின் லொறியில் கிடாரம் போனது. அந்த ஆறு மாதம் போல ஒரு காலத்தை அந்தத் தொழிற்சாலை கண்டதில்லை. இந்திய இராணுவமும் போயிருந்தது. எங்கும் சமாதானப் பேச்சு. நான் கிழமைக்கு இரண்டு தரம் ரயிலில் போய், காய வைக்கிற அறையில் அடுக்கியிருக்கும் கட்டிகளைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். வேறு ஒருவருடைய வெற்றியைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நிற்கிற சுகம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. கடலிலிருந்தும் இராணுவ முகாமிலிருந்தும் ஷெல் வந்தது. காங்கேசன்துறைச் சனம் முழுக்கக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போக முடியவில்லை. காணியும் கிடாரமும் காய வைக்கிற அறையும் இராணுவ எல்லைக்குள் போய்விட்டன. அண்ணையும் அக்காவும் ஒரே சைக்கிளை உருட்டிக்கொண்டு, நான் கலியாணம் முடித்துக் குடியிருந்த கோப்பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் அண்ணைக்கு முன்னால் நின்றேன். அவர் என்னை ஏச வேண்டும் என்று விரும்பினேன். ஏசினால் அழுதுவிட்டு எழும்பலாம் போலிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டினார். நான் காங்கேசன்துறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, கையால் மறித்தார். “நீர் சொல்லி நான் போகேல்லைத் தம்பி. எனக்குப் போக விருப்பமாய் இருந்தது, அதைச் சொல்லுறதுக்கு ஒராள் தேவைப்பட்டுது.”

பின்வளவு

என் வீட்டு வளவிலேயே திரும்பத் தொடங்கினோம். கிடாரம் இல்லை. ஹனீபா நானா எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் குறுக்கே வெட்டி, கைபிடி ஒட்டிக் கொண்டுவந்து தந்தார். கொக்குவில் பெண்களில் நாலு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒரு பீப்பாய் போதாது என்று அண்ணை இன்னும் இரண்டு கேட்டிருந்தார். நானா சரி என்றிருந்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் முற்பகல், நகரில் முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டது என்று செய்தி வந்தது. அண்ணை துழாவுகிற தடியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நானும் போனேன். தெருவில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். துவக்கோடு நின்ற இயக்கப் பெடியன்கள் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹனீபா நானா மனைவி, மூன்று பெண் பிள்ளைகளோடு நின்றார். அவருடைய லொறியும் வரிசையில் நின்றது. ஆனால் அதை வேறு யாரோ வைத்திருந்தார்கள். அவர் கையில் உடுப்புப் பை ஒன்று மட்டும் இருந்தது. எங்களைப் போலப் பல தமிழ் ஆட்கள் தெருவின் மற்றக் கரையில் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாயால் பிழைக்கிற தொழில் என்னுடையது. அந்த ஒரு மணித்தியாலமும் வாயைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அண்ணை மட்டும் தெருவைக் கடந்து போனார். ஒரு பெடியன் தடுத்தான். அவர் அங்கேயே நின்றார், திரும்பவும் இல்லை. நானா அவரைக் கண்டுவிட்டார். கடையில் நின்று சொல்வது போலத்தான் சொன்னார்: “ராசநாயகம், ஒங்கட ரெண்டு பீப்பாயும் பின்வளவில கிடக்கு. கழுவித்தான் வச்சிருக்கன்.”

சுண்ணக்கல்

அந்தப் பீப்பாய்களை எடுக்க அண்ணை போகவில்லை. நான் ஒருதரம் நினைவுபடுத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் வராது, அதைச் செய்கிற கோஸ்ரிக் சோடாவும் வராது. கையிருப்பில் இருந்த கொஞ்சத்தை இழுத்துப் பறித்து ஓட வேண்டும். நான் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் மண்ணைக் கிண்டினால் சுண்ணக்கல்தானே. அதை இடித்து, அரித்து, மாவாக்கிக் கலந்தால் ஒரு கட்டிக்குப் போகிறதில் இரண்டு கட்டி வரும். நிறமும் வெள்ளையாக இருக்கும். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாசலில் சனம் நிற்கிறது. சரி என்றார்.

இரண்டாவது கிழமை, பக்கத்து ஊர் வைத்தியசாலையில் வேலை செய்கிற தாதி ஒருவர் ஒரு பாதிக் கட்டியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். சண்டை போட வரவில்லை. களைத்துப் போயிருந்தார். அங்கே காயக்காரர் நிறைய, கை கழுவ இதுதான் இருக்கிறது என்று சொன்னார். கிணற்றடிக்கு எங்களைக் கூட்டிப் போய், தண்ணீர் அள்ளி, அந்தக் கட்டியால் தன் கையைத் தேய்த்துக் காட்டினார். சுண்ணாம்பு அடித்தவரின் கை போல வெள்ளையாய் மாவு படிந்திருந்தது. “பாருங்கோ, இதாலை கையைக் கழுவினால் பேந்து கையைக் கழுவ வேண்டிக் கிடக்கு.”

போட்டியாளர்

அண்ணை அன்றைக்கே சுண்ணக்கல் மாவை வேலியடியில் கொட்டினார். சோடா முற்றாக முடிந்த பிறகு சாம்பலுக்கு வந்தார். தென்னம் பொச்சையும் பனை மட்டையையும் எரித்து, சாம்பலைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, துளித்துளியாக வடித்தெடுத்த நீரில் இலுப்பெண்ணெயைக் காய்ச்சினார். கட்டியாகாது. கறுப்பாய், களி போல வரும். சனம் சிரட்டை கொண்டுவந்து வாங்கிப் போனது. கைத்தோல் உரியும். அண்ணையின் இரண்டு கைகளும் எப்போதும் சிவந்து வெடித்திருந்தன. அக்கா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். அந்த எண்ணெயைப் பீப்பாய்க்குள் ஊற்றியிருக்கலாம் என்று இவர் முணுமுணுப்பார். செய்தது எல்லாம் அன்றன்றைக்கே முடிந்தது. விற்பனை பற்றி ஆலோசனை சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் சாம்பல் அரித்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு உதவி நிறுவனம், சிறு தொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஆலோசகரைக் கப்பலில் அனுப்பியது. வெள்ளைக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்து வெய்யிலில் முகம் வெந்துபோய், தந்த இளநீரை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நாலாவதையும் குடித்தார். அவர் கையிலும் ஒரு தோல் பெட்டி இருந்தது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதினைந்து பேர் இருந்தோம். அவர் கரும்பலகையில் கோடு போட்டு, ஒவ்வொருவரும் தன் போட்டியாளர் யார் என்று சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணையின் முறை வந்தது. நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் பகிடிக்காரர் இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நன்றாக யோசித்தார். அந்த வருடம் ஊர் முழுக்கப் பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தது. கொடியில் காயப் போட்ட சேலையை மாடு வந்து சப்பிக்கொண்டு நிற்கும். வெள்ளைக்காரர் வெண்கட்டியோடு காத்துக்கொண்டிருந்தார். அண்ணை என் பக்கம் திரும்பினார். “பனம்பழம் எண்டு எழுதச் சொல்லும். ஆனால் புரட்டாதியோடை அதுவும் முடிஞ்சிடும்.”

கொடிகாமம்

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்தது. என் மனைவியும் பிள்ளையும் அதற்கு முந்தின வருடமே வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். நானும் அண்ணையும் அக்காவும் செம்மணிப் பாதையில் மழையில் நின்றோம். முன்னும் பின்னும் சனம். நடக்க இடமில்லை, நிற்கத்தான் முடியும். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு நாள் எடுத்தது. அண்ணை சைக்கிள் கரியரில் ஒரு சாக்குக் கட்டியிருந்தார். அதற்குள் அறுபது எழுபது சவர்க்காரக் கட்டிகள். யாரோ கப்பலில் கொண்டுவந்த கொஞ்சம் சோடாவில் கடைசியாகக் காய்ச்சியது, சாம்பல் போடாத நல்ல சவர்க்காரம்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குப் பத்துக் குடும்பம். கிணறு ஒன்று. மலசலகூடம் இரண்டு. வந்த மறுநாளே மங்கை அக்கா சாக்கை அவிழ்த்து, கட்டிகளைக் கம்பியால் நாலாய் வெட்டி, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார். பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு இரண்டு. எங்களுக்கு என்று ஒரு கட்டி எடுத்து வைக்கும்படி நான் சொன்னேன். பிறகு பார்ப்போம் என்றார். பத்தாம் நாள் சாக்கு வெறுமையாகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. தென்மராட்சி தேங்காய்க்குப் பேர் போன இடம். கொடிகாமம் சந்தை பக்கத்தில். இங்கேயே ஒரு கொட்டில் போடலாம், எண்ணெய் இங்கே எடுக்கலாம், சாம்பலுக்குப் பொச்சு மலையாய்க் கிடக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளொன்றில் நன்மை தீமை எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது அந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில் வயிற்றோட்டம் பரவியது. முதலில் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தது, துடைத்தது, துணி தோய்த்தது எல்லாம் மங்கை அக்கா. தோய்க்கச் சவர்க்காரம் இல்லை. நாலாம் நாள் அவர் படுத்தார்.

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். அவர் அக்காவின் தலைமாட்டில் இருந்தார். தேங்காய் விலை பற்றி ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ஒரு வாளி தண்ணி கொண்டு வரச் சொன்னார். கிணற்றடியில் வரிசை. நான் வாளியோடு வந்தபோது அக்காவின் கண் உள்ளே போயிருந்தது. உழவு இயந்திரம் ஒன்றைப் பிடித்து, பெட்டியில் வைக்கோல் போட்டு அவரை ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் பாதித் தூரம் போகுமுன்னே முடிந்துவிட்டது. அண்ணை அவருடைய கையைத் தன் வெடித்த கைகளுக்குள் வைத்திருந்தார். விடவில்லை. இயந்திரம் ஓட்டியவர் நிறுத்தவா என்று கேட்டார். திருப்பும்படி அண்ணை சைகை காட்டினார்.

எரித்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு உடைந்த வாங்கில் அவர் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். மழை விட்டிருந்தது. பிள்ளைகள் கிணற்றடியில் சத்தம் போட்டார்கள். சொல்வதற்கு எனக்குள் எத்தனையோ வந்தது. வவுனியாவுக்குப் போகலாம் என்று வந்தது, சவர்க்காரத்தில் ஒரு கட்டியாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கோ என்று வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் அது ஆலோசனை போலத்தான் கேட்கும் என்று பயமாயிருந்தது. வெய்யில் சாய்ந்து, சாப்பாட்டு வரிசைக்கு ஆட்கள் எழும்பிப் போனார்கள். நானும் அவருக்குச் சோறு வாங்கி வரலாம் என்று எழும்பினேன். அவர் என் சேட்டு நுனியைப் பிடித்தார். “நீர் இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. அது போதும், கொஞ்சம் இரும்.”

ஆகவே சக ஆலோசகர்களே, பதினொரு வருடத்தில் அந்தத் தொழிற்சாலைக்கு நான் செய்தவற்றில் பிழையென்று யாரும் சொல்ல முடியாதது, தொழிற்சாலையே இல்லாமற்போன பிறகு ஒரு உடைந்த வாங்கில் வாயை மூடிக்கொண்டு இருந்த அந்த ஒரு பின்னேரம்தான்.